மாடியில் இருக்கிற வால்வு மூடுகிறதா?

எங்கள் வீட்டில் தொழுகைக்கு முன் முகம் கை கால் கழுவி ஒளு செய்கிற குழாய் மூன்று மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் நான்கு பேர், ஒரு நாளைக்கு ஐந்து வேளை. கீழக்கரையில் எந்த வீட்டிலும் அதிகமாகத் திறந்து மூடுகிற குழாய் அதுவாகத்தான் இருக்கும். அழுத்தித் திருகினால் நிற்கும். ஆனால் உம்மாவுக்கு விரல் மூட்டுகளில் வலி, அவர்களால் அழுத்த முடியாது. ஓர் இரவு அடியில் மக் வைத்துவிட்டுப் படுத்தேன். சுபுஹுக்கு எழுந்தபோது நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மறுநாள் கடிகாரத்தைப் பார்த்து அளந்தேன். ஒரு லிட்டர் மக் ஐம்பது நிமிடத்தில் நிரம்பியது. ஒரு நாளைக்கு 28 லிட்டருக்கு மேல், அதாவது இரண்டு குடம்.

போர்வெல் தண்ணீர்தானே, உப்புத் தண்ணீர்தானே என்று விட்டுவிடலாம். எங்கள் பக்கம் சமையலுக்கும் குடிக்கவும் காவிரித் தண்ணீர், இல்லையென்றால் வண்டியில் வரும் குடத் தண்ணீர். குளிக்கவும் துவைக்கவும் போர். ஆனால் அந்த இரண்டு குடமும் மோட்டார் போட்டு மேலே ஏற்றிய தண்ணீர். அது சொட்டிய இடத்தில் டைல்ஸ் மேல் வெள்ளையாகப் படிந்து, மேலே பாசி பிடித்து, உம்மா ஒருநாள் வழுக்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

மச்சான் துபாயில். பிளம்பர் காக்கா (அண்ணனை நாங்கள் காக்கா என்போம்) மூன்று வாரமாக "நாளைக்கு வாரேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், தெருவுக்கு ஐந்து வீட்டில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நான் போனில் நான்கு வீடியோ பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே வரிசைதான்: வால்வை மூடு, பழைய குழாயைக் கழற்று, புதுக் குழாயில் டேப் சுற்று, மாட்டு. பத்து நிமிட வேலையாகத் தெரிந்தது. ராம்நாடு போனபோது புதுக் குழாய், டெஃப்லான் டேப், ஒரு பைப் ரெஞ்ச் மூன்றும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வியாழக்கிழமை சாயங்காலம், அஸர் தொழுகைக்குப் பிறகு ஆரம்பித்தேன். மாடிக்குப் போய்த் தொட்டிக்குக் கீழே இருந்த கேட் வால்வைத் திருகினேன். சக்கரம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. மூடிவிட்டது என்று நினைத்துக் கீழே இறங்கினேன். இங்கேதான் என் தவறு. கீழே வந்ததும் குழாயைத் திறந்து, தண்ணீர் நிற்கும்வரை காத்திருந்து பார்த்திருக்க வேண்டும். அரை நிமிட வேலை அது. நான் பார்க்கவில்லை.

ரெஞ்ச் போட்டு இடது பக்கம் திருகினேன். முதலில் அசையவில்லை. உடம்பு எடையைக் கொடுத்து அழுத்தினேன். டக்கென்று ஒரு சத்தம். குழாய் கையோடு வந்துவிட்டது, அதன் மரை பாதி சுவருக்குள்ளேயே நின்றுவிட்டது. அரை இஞ்ச் தண்ணீர் நேராக என் நெஞ்சில் அடித்தது.

எங்கள் தொட்டி ஆயிரம் லிட்டர். குழாயிலிருந்து ஐந்து மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் என்பது கணக்கு. எங்களுடையது அரைக் கிலோ. கேட்கச் சின்னதாக இருக்கிறது. கட்டைவிரலை வைத்து அடைத்தால் நாலு பக்கமும் விசிறியடிக்கிறது, ஒரு நிமிடம்கூடப் பிடிக்க முடியவில்லை. மாடிக்கு ஓடி மறுபடி வால்வைத் திருகினேன். சக்கரம் இரு பக்கமும் தாராளமாகச் சுற்றியது. உள்ளே இருந்த கம்பி எப்போதோ அரித்து அறுந்துபோயிருக்கிறது. சக்கரம் மட்டும் சுற்ற, உள்ளே இருக்கிற தகடு திறந்தபடியே நின்றிருக்கிறது. பத்து வருஷமாக யாரும் அதைத் தொடவில்லை. கச்சான் காற்று நாள்முழுக்க உப்பைக் கொண்டுவந்து கொட்டுகிற மொட்டைமாடியில் தொடாத இரும்பு என்ன ஆகும் என்று நான் யோசித்ததே இல்லை.

உம்மாவின் சத்தம் கேட்டு அடுத்த வீட்டு மாமா வந்தார். வயது எழுபதுக்கு மேல், அந்தக் காலத்தில் படகுக்குக் கலப்பத்து அடித்தவர். பலகை இடுக்கில் பஞ்சை வைத்து அடித்துத் தண்ணீர் புகாமல் செய்கிற வேலை அது. சுவரைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. வாசலில் கிடந்த வேப்பங்கொம்பை எடுத்து அரிவாளால் நுனியைச் சீவினார். பென்சில் மாதிரி கூராக இல்லை, ஒரு பக்கம் ஒல்லி, மறுபக்கம் தடிமனாக, ஆப்பு மாதிரி.

"காஞ்ச துணி கொண்டா மவளே. ஈரத் துணி வேண்டாம்."

பழைய கைலியைக் கிழித்துக் கொடுத்தேன். இரண்டு விரல் அகலத்துக்கு நாடாவாகக் கிழித்து, ஆப்பின் ஒல்லி நுனியிலிருந்து நெருக்கமாகச் சுற்றிக்கொண்டே வந்தார். தண்ணீர் அடிக்கிற ஓட்டையில் அதை வைத்து உள்ளங்கையால் அழுத்தி, அம்மிக் குழவியை எடுத்து மெதுவாக இரண்டே தட்டு. முதலில் ஓரத்தில் கசிந்தது. "இரு, துணி நனஞ்சு ஊதும்" என்றார். நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். கசிவு சொட்டாகி, சொட்டு நின்றது. மஃரிபுக்கு பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். தொட்டியில் கால்வாசி தண்ணீர்தான் மிச்சம்.

அந்த ஆப்பை நான் தூக்கிப் போடவில்லை. அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் இரண்டு அளவிலும் சீவி, துணி சுற்றி, குளியலறை அலமாரியில் வைத்திருக்கிறேன். ரெஞ்ச் வாங்குகிற அன்றே இதையும் செய்து வையுங்கள். கடையில் டம்மி என்று கேட்டால் மரையுள்ள மூடி கிடைக்கும், அதுவும் நல்லது. ஆனால் மரை உடைந்து சுவருக்குள் நின்றுவிட்டால் டம்மியைத் திருக இடமிருக்காது, ஆப்பு மட்டும்தான் நிற்கும்.

பிளம்பர் காக்கா சனிக்கிழமை வந்தார். ஆக்ஸா பிளேடில் பாதியை உடைத்து, ஒரு முனையில் துணி சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். சுவருக்குள் நின்ற மரைத் துண்டு ஒரு வளையம் மாதிரி இருந்தது. அதன் உள்பக்கமிருந்து வெளிப்பக்கம் நோக்கி மெல்ல அறுத்தார். அறுத்துக்கொண்டே நடுவில் நிறுத்தி விரல் நுனியால் தடவிப் பார்ப்பார். வளையத்தைச் சுற்றி இருக்கிற சாக்கெட்டின் மரையில் பிளேடு பட்டுவிட்டால் சுவரை உடைக்க வேண்டியதுதான். ஒரு வெட்டு முடிந்ததும் கொஞ்சம் தள்ளி இன்னொரு வெட்டு. நடுவிலிருந்த துண்டை ஸ்க்ரூ டிரைவரால் உள்பக்கம் நெம்பினார், வளையம் சுருங்கி வெளியே விழுந்தது. முக்கால் மணி நேரம் ஆனது. இதை வீட்டில் செய்து பாருங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அவர் விரல் அறிந்ததை வீடியோ சொல்லித்தராது.

விழுந்த துண்டை என் கையில் கொடுத்தார். "நெறத்தப் பாருங்க தங்கச்சி." பித்தளை மஞ்சளாக இருக்க வேண்டும். உடைந்த இடம் ரோஸ் நிறத்தில், பழைய செம்புக்காசு மாதிரி இருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடி உதிர்ந்தது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. உப்புத் தண்ணீர் அதிலிருக்கும் துத்தநாகத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துவிடும். செம்பு மட்டும் பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக மிஞ்சும். உருவம் அப்படியே இருக்கும், பலம் இருக்காது. வெளியே குரோமியம் பூச்சு பளபளவென்று இருக்கிறதால் பார்க்கிறவருக்குத் தெரியாது. என் குழாய் வெளியே புதிதாகத்தான் தெரிந்தது.

மதுரையிலோ திருச்சியிலோ இருக்கிறவர்கள் எடுக்கிற வீடியோவில் இந்த விஷயம் வராது. அங்கே பழைய குழாய் முழுசாகக் கழன்று வரும். ராமநாதபுரம் கரையோரம், தேவிபட்டினம், மண்டபம், ஏர்வாடி, எங்கள் ஊர் எதுவானாலும் போர் தண்ணீர் ஓடுகிற லைனில் ஐந்து வருஷத்துக்கு மேலான பித்தளைக் குழாயைக் கழற்றப் போகிறீர்கள் என்றால், அது உடையும் என்றே எண்ணி ஆரம்பியுங்கள். உடைந்தால் என்ன செய்வது என்று முதலில் முடிவு செய்துவிட்டு ரெஞ்சை எடுங்கள். காலையில் ஆரம்பியுங்கள், கடை திறந்திருக்கும், ஆளும் கிடைப்பார். வியாழன் அஸருக்குப் பிறகு வேண்டாம். அடுத்த நாள் ஜும்ஆ, யாரையும் கூப்பிட முடியாது.

அந்தச் சனிக்கிழமையே காக்காவிடம் கேட்டு மாடியில் கேட் வால்வை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் பால் (ball) வால்வு போட்டேன். கைப்பிடி குழாயோடு ஒரே திசையில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. பார்த்ததும் தெரியும், கால் திருப்பு போதும். கேட் வால்வில் எத்தனை சுற்று சுற்றினோம் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டும், சுற்றினாலும் உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாது. ஆனால் பால் வால்வும் தொடாமல் விட்டால் உப்புப் படிந்து இறுகும். மாதத்தில் ஒரு நாள் மேலே போய் இரண்டு தடவை மூடித் திறந்துவிட்டு வருகிறேன். துணி காயப்போடப் போகிறபோது செய்துவிடலாம், தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

புதுக் குழாயை மாட்டுகிற வேலையை அவர் என்னிடமே கொடுத்தார். டேப்பைச் சுற்றிக் காட்டினேன். "மறுபக்கம் சுத்திட்டீக" என்றார். மரை நம்மைப் பார்க்கிற மாதிரி குழாயைப் பிடித்துக்கொண்டு, கடிகார முள் போகிற திசையில் சுற்ற வேண்டும். அப்போதுதான் குழாயைத் திருகும்போது டேப் இறுகும். எதிர்த்திசையில் சுற்றினால் திருகத் திருக டேப் பிரிந்து சுருண்டு வெளியே வந்துவிடும், ஒரு வாரத்தில் கசியும். மரையின் முதல் சுற்றை வெறுமையாக விட்டு, அடுத்ததிலிருந்து டேப்பை இழுத்துப் பிடித்து, மரையின் பள்ளம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு அழுத்தமாகச் சுற்ற வேண்டும். கடையில் கிடைக்கிற மெல்லிய டேப் என்றால் பத்துப் பன்னிரண்டு சுற்று தேவைப்படுகிறது. பிறகு கையாலேயே போகிற வரை திருகி, அதற்கு மேல் ரெஞ்சால் ஒரு சுற்று, மிஞ்சினால் ஒன்றரை. வாய் கீழே பார்க்கிற நிலை வந்ததும் நிறுத்திவிட வேண்டும். சரியான நிலையைத் தாண்டிவிட்டது என்று பின்னால் திருப்பினால் டேப் பிடி விட்டுவிடும். முழுக்கக் கழற்றிப் புது டேப் சுற்றித்தான் மறுபடி மாட்ட வேண்டும்.

இறுக்கினால் நல்லது என்ற எண்ணம் எனக்கு இருந்தது. சுவருக்குள் இரும்புக் குழாய் இருந்த காலத்தில் அது சரியாக இருந்திருக்கலாம். இப்போது உள்ளே இருப்பது பிளாஸ்டிக் எல்போ, அதாவது வளைவுத் துண்டு. அளவுக்கு மேல் இறுக்கினால் அதில் மயிரிழை விரிசல் விழும், அன்றைக்குத் தெரியாது. ஒரு மாதம் கழித்து சுவரின் மறுபக்கம் பெயின்ட் உப்பி உதிரும்போது தெரியும். பித்தளை மரை வைத்த எல்போ சுவருக்குள் போடலாமே என்பார்கள். எங்கள் தண்ணீருக்கு அதுவும் ரோஸ் நிறமாகத்தான் போகும்.

என்ன குழாய் வாங்குவது என்பதில் எனக்கு இப்போது உறுதியான கருத்து இருக்கிறது. உப்புத் தண்ணீர் லைனுக்கு நல்ல கம்பெனி பிளாஸ்டிக் குழாய், பிடிஎம்டி என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தருவார். அழகு குறைவுதான். துரு பிடிக்காது, உதிராது, விலையும் பித்தளையைவிடக் குறைவு. வீடு கட்டுகிறபோது பளபளப்பைப் பார்த்து வாங்கியதை எல்லாம் ஒவ்வொன்றாக மாற்றிவிட்டேன். நல்ல தண்ணீர் வருகிற சமையலறையில் பித்தளை அப்படியே இருக்கிறது, அங்கே அதற்கு ஒரு குறையும் இல்லை. எவர்சில்வர் குழாய் துருவே பிடிக்காது என்று விற்பார்கள். சாதாரண 304 ரகம் கடல் காற்றில் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும். மாலிப்டினம் சேர்த்த 316 ரகம் தாங்கும், ஆனால் அதன் விலையைக் குளியலறைக்குக் கொடுக்க மனம் வராது.

அதற்குப் பிறகு நானே செய்தவை பல. ஷவரில் பாதி ஓட்டை அடைத்து, மீதி ஓட்டையிலிருந்து தண்ணீர் கோணல்மாணலாக அடித்தது. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு வாங்கி, ஒரு மக் வெந்நீரில் இரண்டு கரண்டி கரைத்து, பிளாஸ்டிக் கவரில் ஊற்றி, ஷவர் தலை அதில் மூழ்கும்படி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினேன். சிறு சிறு குமிழி வரும், அது சுண்ணாம்புப் படிவு கரைவது. காலையில் பழைய டூத் பிரஷால் தேய்த்ததும் எல்லா ஓட்டையும் திறந்தது. இதற்குக் கடை ஆசிட் வேண்டவே வேண்டாம். பூச்சைத் தின்றுவிடும். இன்னொன்று, எலுமிச்சை உப்போ ஆசிட்டோ எதுவானாலும் பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஊற்றிவிடாதீர்கள். குளோரின் வாயு வரும். சின்னக் குளியலறையில் கதவை மூடிக்கொண்டு நின்றால் நெஞ்சை அடைத்துவிடும்.

ஃபிளஷ் தொட்டி ராத்திரியில் தானாக நிரம்புகிற சத்தம் கேட்டால் உள்ளே வாசர் ஒழுகுகிறது. தொட்டித் தண்ணீரில் கேசரிப் பவுடர் கரைத்துவிட்டு, ஃபிளஷ் செய்யாமல் அரை மணி நேரம் கழித்துக் கோப்பையைப் பார்த்தேன், மஞ்சள் இறங்கியிருந்தது. சுவரோரம் அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் விடுகிற ஆங்கிள் வால்வை மூடி, பழைய வாசரைக் கழற்றி எடுத்துக்கொண்டுபோய் அதே அளவில் வாங்கி மாட்டினேன். அளவைச் சொல்லி வாங்க முயலாதீர்கள், சாம்பிள் கையில் இருக்கட்டும். இரண்டு முறை பஸ்ஸுக்குக் காசு கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

டாய்லெட்டில் இருக்கிற ஹெல்த் ஃபாசெட்டின் டியூப் ஒரு நாள் ராத்திரி வெடித்தது. மேலே பின்னியிருக்கும் கம்பி உப்புக்கு அறுந்து, உள்ளே இருக்கிற ரப்பர் தனியாக அழுத்தத்தைத் தாங்க முடியாமல் பிளந்துவிட்டது. கைப்பிடியை விட்டால் தண்ணீர் நின்றுவிடுகிறதே என்று எல்லோரும் ஆங்கிள் வால்வைத் திறந்தே வைத்திருப்பார்கள். கம்பியில் ஒரு இழை அறுந்திருப்பதைப் பார்த்தாலே டியூபை மாற்றுங்கள். வெளியூர் போகும்போது வால்வை மூடிவிட்டுப் போங்கள்.

தரையில் தண்ணீர் தேங்கியது பெரிய விஷயமாக இல்லை. வடிகால் ஜாலியைத் தூக்கினால் தலைமுடியும், பிள்ளைகள் கடற்கரையிலிருந்து காலோடு கொண்டுவந்த மணலும். கையுறை போட்டு அள்ளினால் போதும். புழங்காத குளியலறையில் நாற்றம் வந்தால் உடனே ஆளைக் கூப்பிடாதீர்கள். தரைக்கடியில் இருக்கிற டிராப்பில் (trap), அதாவது வடிகாலின் வளைவில், எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும், அதுதான் நாற்றத்தையும் கரப்பானையும் தடுக்கிறது. புழங்காவிட்டால் அது வற்றிவிடும். வாரத்துக்கு ஒரு மக் தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும்.

பசை போட்டு ஒட்டுகிற வேலை ஒரு தடவைதான் செய்தேன், மாடியில் வெடித்த ஒரு எல்போவுக்கு. குழாயை நேராக அறுத்து, பிசிறைச் சீவி, ஈரமில்லாமல் துடைத்து, இரண்டு பக்கமும் பசை தடவி, கால் சுற்றுத் திருகி உள்ளே தள்ளி, அரை நிமிடம் அப்படியே பிடிக்க வேண்டும். பிடிக்காமல் விட்டால் குழாய் தானாகவே வெளியே நழுவும். அன்று மதியம் தண்ணீர் திறக்கலாமா என்று காக்காவிடம் கேட்டதற்கு, "நம்ம ஊருக் காத்துல ஈரம் அதிகம், நாளைக்குத் தொறங்க" என்றார். ஒரு நாள் முழுக்கக் குடத்தில் வைத்துப் புழங்கினோம். அந்த ஒட்டு இன்றுவரை சொட்டவில்லை. வெந்நீர் போகிற சிபிவிசி குழாய்க்கு அதற்கென்று உள்ள பசையைத்தான் கேட்டு வாங்க வேண்டும், வேறு குழாய்க்கான பசை அதில் சரியாகப் பிடிக்காது.

சுவருக்குள் இருக்கிற எதையும் நான் தொடுவதில்லை. ஹீட்டரையும் தொடுவதில்லை. உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீரைவிட நன்றாகக் கரண்ட் கடத்தும், ஈரக் கையோடு அதன் பக்கத்தில் நிற்கவே எனக்குப் பயம். கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், கையால் பிடித்துத் திருகக்கூடியது மட்டும் என்னுடையது. மற்றதெல்லாம் காக்காவுக்கு. இப்போது அவரைக் கூப்பிடுகிறபோது, எந்த இடம், என்ன அளவு, என்ன குழாய் என்று சொல்லி அழைக்கிறேன். சாமானோடு வருகிறார், ஒரே தடவையில் முடித்துவிட்டுப் போகிறார்.

உம்மா இப்போது ஒளு செய்கிற குழாய் கால் திருப்புக் கைப்பிடி உள்ளது. ஒரு விரலால் தள்ளினால் திறக்கும், ஒரு விரலால் இழுத்தால் மூடும். முதல் நாள் நாலைந்து தடவை திறந்து மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மச்சான் போனில் அதைக் காட்டச் சொன்னார், காட்டினேன்.

எதிர்வீட்டு லாத்தா அவர்கள் வீட்டு ஆங்கிள் வால்வு கசிகிறது என்று வந்து சொல்லியிருக்கிறார்கள். சனிக்கிழமை காலையில் போகிறேன். ஆப்பு இரண்டையும் புதுத் துணி சுற்றி எடுத்து வைத்தாகிவிட்டது. நேற்றே அவர்கள் மொட்டைமாடிக்கு ஏறி வால்வை மூடிவிட்டு, கீழே வந்து குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் ஓடி, மெலிந்து, நின்றது.